ஹௌசா மொழியில் ஆங்கிலச் சொற்கள் நிறைய உண்டா? 'போகோ' என்பது 'புக்'தானா?

நிறைய உண்டு. ஆனால் கேட்டதும் ஆங்கிலம் என்று பிடிபடாது.

ஹௌசா பேசும் வட நைஜீரியாவில், கானோ நகரத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். வருபவர் "டாயா நாவா நே?" என்பார். டயர் என்ன விலை என்று அர்த்தம். பிரேக் 'பிர்க்கி', டிரைவர் 'டிரேபா', கியர் 'கியா'. மதுவுக்கும் எழுத்தில் இதே 'கியா'தான். டிரைவர்கள் பாடு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! பம்ப், பென்சில், பெட்ரோல் இவற்றின் முதல் ஒலி ஹௌசாவில் கிடையாது. அதனால் ஃபம்ஃபோ, ஃபென்சிர், ஃபேட்டுர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பன்மை. ஆங்கில 'ஸ்' ஒட்டுகிற பேச்சே இல்லை. மோட்டா என்றால் கார். பல கார்கள் என்றால் மோட்டோச்சி. ஸ்டேஷன் 'டாஷா' ஆகி, பன்மையில் டாஷோஷி ஆகிறது. வக்கீல் 'லௌயா', வக்கீல்கள் 'லௌயோயி'. எல்லாம் அந்த மொழியின் சொந்த இலக்கணம். மெக்கானிக் கதை இன்னும் வேடிக்கை. ஹௌசா இனத்தவர் ஒருவர் 'பஹௌஷே', பலர் 'ஹௌசாவா'. அதே அச்சில் மெக்கானிக் ஒருவர் 'பகனிகே', பலர் 'கனிகாவா'. எண்ணெய்க் கறையோடு ஒரு தனி இனமே உருவாகிவிட்டது.

எல்லாவற்றையும் கடன் வாங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. படகுக்கு ஹௌசாவில் 'ஜிர்கி'. ரயில் வந்தபோது அதைத் தரைப் படகு என்றார்கள், விமானத்தை வானப் படகு என்றார்கள். ஃபோனுக்கு மட்டும் ஆங்கில 'வயர்' வந்து 'வாயா' ஆனது. வயரே இல்லாத செல்ஃபோனும் இன்றைக்கு வாயாதான்.

பிரிட்டிஷார் கானோவைப் பிடித்தது 1903இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இஸ்லாமோடு அரபுச் சொற்கள் வந்துவிட்டன. புத்தகம் 'லிட்டாஃபி', பேனா 'அல்கலாமி', இரண்டும் அரபு வழி வந்தவை. ஆங்கிலத்துக்கு மிஞ்சியது வண்டி, ஆபீஸ், பட்டாளம், கோர்ட்டு மாதிரியான இடங்கள்தான்.

சரி, 'போகோ'வுக்கு வருவோம். மேற்கத்தியக் கல்வியையும் ரோமன் எழுத்தையும் குறிக்கிற சொல் இது. 'புக்' என்பதுதான் போகோ ஆனது என்று செய்தித்தாள்கள் வரை எழுதிவிட்டார்கள். ஹௌசா ஆய்வாளர் பால் நியூமன் 2013இல் இதை மறுத்துக் கட்டுரை எழுதினார். போகோ ஹௌசாவின் பழைய சொந்தச் சொல். பொருள் போலி, ஏமாற்று. 1934இல் வந்த பார்ஜரியின் ஹௌசா-ஆங்கில அகராதியிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. பிரிட்டிஷ் பள்ளிப் படிப்பை நம்பாதவர்கள் அதைப் 'போலிப் படிப்பு' என்றார்கள், பிறகு அந்தக் கசப்பு தேய்ந்து பெயராக மட்டும் நின்றுவிட்டது. நான் நியூமன் கட்சி. லிட்டாஃபி கையில் இருக்கும்போது 'புக்'கைக் கடன் வாங்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.