சென்னை வீட்டில் நம் இரவுச் சாப்பாடு

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் இருந்து வளசரவாக்கம் வந்து இரண்டு மாதமாகியும் இரவுச் சாப்பாடு ஒழுங்குக்கு வரவில்லை, மூத்தவர் தோசை கேட்க இளையவர் புட்டுக் கேட்கிறார், ஒரு கிழமைக்கு எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இங்கேதான் பிள்ளைகளை வளர்த்தேன், எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன்.

ஏழு நாளுக்கு ஏழு சாப்பாடு எழுதி வைக்க வேண்டாம். முதலில் மாவைத் தயார் பண்ணுங்கள், பாதிக் கிழமை அதிலேயே ஓடிவிடும். இங்கே கோதுமை மா என்று கேட்டால் சப்பாத்தி மாவைத் தருவார்கள். நமக்கு வேண்டியது மைதா. ஞாயிறு காலையில் ஒரு கிலோவைத் துணியில் தளர்வாகக் கட்டி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் அவியுங்கள். சூட்டோடு உடைத்து அரித்துவிட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். அரித்ததை நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். வறுத்த அரிசிமாவோடு கலந்தால் புட்டு, பிழிந்தால் இடியப்பம்.

ஞாயிறு மத்தியான ஆட்டிறைச்சிக் கறியில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் திங்கள் இரவுப் புட்டுக்கு வேறொன்றும் தேவையில்லை. செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி என்றால் இடியப்பமும் சொதியும். சொதிக்குத் தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கி, அப்புறம்தான் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரைந்துவிடும்.

புதனும் வியாழனும் மூத்தவருக்கு. கடைகளில் அரைத்த மா பாக்கெட்டில் கிடைக்கிறது. முதல் நாள் இட்லி, அடுத்த நாள் கொஞ்சம் புளித்த பிறகு தோசை. தொட்டுக்கொள்ள நம்முடைய செத்தல் மிளகாய்ச் (காய்ந்த மிளகாய்ச்) சம்பலை வையுங்கள். இந்த ஊர்ச் சாப்பாடும் வேண்டும், நம் வீட்டு உறைப்பும் பிள்ளைகளின் நாக்கில் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருந்தேன்.

சனிக்கிழமை மீன். நம் அறக்குளா இங்கே வஞ்சிரம், விலை கூட. குழம்புக்குச் சங்கராவும் பொரிக்க நெத்திலியும் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். அந்தக் கிழமைகளில் முட்டைக் குழம்போ கருவாடோ வைத்துச் சமாளியுங்கள்.

கறித்தூளை மட்டும் கடையில் வாங்காதீர்கள். சாம்பார் பொடி போட்டு நம் கறி வராது. செத்தல் மிளகாயும் மல்லியும் சம அளவு எடுங்கள். மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். தனித்தனியாக வறுத்து மாவு மில்லில் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த மெஷினில் சீயக்காய் அரைத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வாசம் ஏறினால் தூள் முழுவதும் வீண். இளையவருக்கு உறைப்பு ஆகாதென்றால் மல்லியைக் கூட்டுங்கள்.

ஞாயிறு இரவு பாணும் (இங்கே பிரெட்) மிஞ்சிய பருப்பும் போதும். நீங்களும் கொஞ்சம் ஓய்வாக இருங்கள்.