ட்ரொம்சோவில் இருந்து போட்ஸ்ஃபியோர்ட்: தூரம் 420 கி.மீ., நேரம் வேறு கணக்கு

தங்கச்சி, வட நோர்வேயில் ட்ரொம்சோவில் இருந்து போட்ஸ்ஃபியோர்டுக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், வந்திறங்கும் அன்றே மீன் தொழிற்சாலையில் பின்னேர வேலைக்கு நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேர்கோட்டில் ஏறக்குறைய 420 கி.மீ. ஆனால் அன்றைக்கே வேலைக்கு வருவதாக மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

போட்ஸ்ஃபியோர்ட் இருக்கும் ஃபின்மார்க் என்ற வடகோடிக் கரையில் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் சொல்ல முடியாது. அதே கரையில் உள்ள கிர்கெனெஸ் ஊரும் (அங்குள்ளவர்கள் 'ஷிர்கெனெஸ்' என்பார்கள்) ட்ரொம்சோவில் இருந்து அதே 420 கி.மீ. தான். நேரடி விமானம் கிடைத்தால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம். போட்ஸ்ஃபியோர்ட் விமானமோ ஊர் பஸ் மாதிரி ஹம்மர்ஃபெஸ்ட், மேஹாம்ன், பெர்லவோக் என்று இடையில் இறங்கி ஏறும். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும்; விமானம் மாற வேண்டி வந்தால் அரை நாள்கூடப் போய்விடும். அதனால் டிக்கெட் போடும்போது 'மெல்லொம்லாண்டிங்' எத்தனை என்று பாருங்கள். இடைத்தரிப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். விமான இலக்கம் மாறாவிட்டால் இருக்கையிலேயே இருங்கள். ஊர்ப்பெயரைச் சரியாகக் கேட்காமல் முந்திய ஊரில் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.

பெரிய சிக்கல் காற்றுதான். போட்ஸ்ஃபியோர்டின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டர் அளவே. 39 பேர் இருக்கும் டாஷ் 8 மாதிரிச் சின்ன விமானம்தான் அங்கே இறங்கும். குறுக்குக் காற்றோ பனிப்பொழிவோ கூடினால் விமானி இறக்காமல், ஓடுபாதை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ள கிர்கெனெஸ் போன்ற இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கிருந்து ரோட்டால் ஏறக்குறைய 250 கி.மீ. கடைசித் துண்டான 891ஆம் இலக்க மலைப்பாதையைப் புயலில் மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாக மட்டும் விடுவார்கள். அதாவது வானம் அடைபட்ட நாளில் ரோட்டும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைக்கும் வேலைக்கு முதல் ஒரு முழு நாளை வெறுமையாக விடுங்கள். நாளின் கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். அது தவறினால் மறுநாள்தான்.

கொழும்பில் இருந்து வருவதென்றால் போட்ஸ்ஃபியோர்ட் வரைக்கும் ஒரே பதிவாகப் போடுங்கள். தனித்தனி டிக்கெட் மலிவு, ஆனால் முதல் விமானம் பிந்தினால் அடுத்ததற்கு எவரும் பொறுப்பில்லை. ஒஸ்லோவில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பவும் ஒப்படைக்க வேண்டும். குறைந்தது இரண்டரை மணி நேரம் இடைவெளி வையுங்கள். இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவர விடமாட்டார்கள்.

வானிலையால் ரத்தானால் நட்டஈட்டுப் பணம் கிடைக்காது. ஆனால் சாப்பாடும் இரவு தங்க ஹோட்டலும் தருவது விமான நிறுவனத்தின் கடமை, வேறு பயணம் ஒழுங்குசெய்து தருவதும்தான். கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள், பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள்.

அவசரம் இல்லையென்றால் கரையோரக் கப்பலும் இருக்கிறது. ட்ரொம்சோவில் மாலையில் ஏறினால் மறுநாள் நள்ளிரவு வாக்கில் போட்ஸ்ஃபியோர்ட். பெட்டி நிறைய இருக்கிறவர்களுக்கு அதுவே வசதி.