எதிலிருந்து எதைக் கழிப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வாக்கியத்தை இயற்கணிதக் கோவையாக, அதாவது எண்ணும் எழுத்தும் குறிகளும் சேர்ந்த வடிவமாக, மாற்றுவது. மாறிகளுக்கு, அதாவது எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்துகளுக்கு, ப, ம என்றே எழுதியிருக்கிறேன். காரணம் கடைசிக் கேள்வியில்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், '7இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்பதற்கு ப − 7 என்று எழுதுகிறாள். எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை.

7 − ப. 'இலிருந்து' எதோடு ஒட்டியிருக்கிறதோ அது முதலில் வரும். 'ஐ' ஒட்டியது கழிக்கப்படும். வகுத்தலிலும் அப்படித்தான்: ப-ஐ 4-ஆல் வகுத்தால் ப/4, 4-ஐ ப-ஆல் வகுத்தால் 4/ப. தமிழில் வேற்றுமை உருபே வழி காட்டிவிடும். ஆங்கில வழியில் படிப்பவளாக இருந்தால் சிக்கல் வேறு. 'செவன் லெஸ் தேன் எ நம்பர்' என்னும்போது 7 முதலில் காதில் விழுகிறது, கோவையோ ப − 7. எந்த வழியானாலும், எழுதும் முன் 'எதிலிருந்து எதை?' என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கட்டும். 7இலிருந்து 2 போனால் 5; அவள் எழுதியதில் −5 வருகிறது. நீங்கள் சொல்லித் திருத்துவதைவிட அவளே கண்டுபிடிப்பது நிற்கும்.

அவசரம். 'ஓர் எண்ணின் இரு மடங்குடன் 5 கூட்டுக' – ப-இன் மதிப்பு என்ன?

மதிப்பு கிடையாது. 2ப + 5 ஒரு கோவை. எதற்குச் சமம் என்று சொன்னால்தான் சமன்பாடு, அப்போதுதான் ப-ஐக் கண்டுபிடிக்க முடியும். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்; பாதியை அனுப்பிவிட்டு அவசரம் என்றால் நான் என்ன செய்வது?

'கூடுதலின் வர்க்கம்', 'வர்க்கங்களின் கூடுதல்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முன்னது (ப + ம)², பின்னது ப² + ம². 3, 4 போட்டுப் பாருங்கள்: 49, 25. 'இன்' உருபுக்கு முன்னால் இருப்பதை முதலில் செய்து முடிக்க வேண்டும். அடைப்புக்குறி அதற்காகத்தான்.

'அதிகம்' என்றால் கூட்டல், 'மீதி' என்றால் கழித்தல் என்பது போல ஒரு பட்டியல் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

வெளியிட மாட்டேன். 'கண்ணனிடம் ப ரூபாய் உள்ளது. அது மாலாவிடம் உள்ளதைவிட 5 அதிகம்.' மாலாவிடம் எவ்வளவு? பட்டியலை நம்பினால் ப + 5. சரியான விடை ப − 5. சொல்லைப் பார்க்காதீர்கள், யாரிடம் அதிகம் என்று பாருங்கள்.

நான் டியூஷன் எடுக்கிறேன். 'ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள்' என்பதை 6ம = ஆ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பெற்றோர் தவறு என்கிறார். 'ம' மாணவர், 'ஆ' ஆசிரியர் – இதில் என்ன தவறு?

பெற்றோர் சொல்வதுதான் சரி. ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60. உங்கள் சமன்பாட்டில் போடுங்கள்: 6 × 60 = 10 ஆகிவிடும். சரியானது ம = 6ஆ.

இது உங்கள் ஒருவருடைய தவறல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேரிடம் இதே மாதிரிக் கணக்கைக் கொடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறு. தவறியவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத் திருப்பித்தான் எழுதினார்கள். ஆறு மாணவர் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கும் படத்தை அப்படியே எழுத்தாக்கிவிடுகிறோம்.

வேர் எங்கே என்றால், நாம் ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முறையில். '3ம + 2வ என்றால் மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும்' என்கிறோம். பிள்ளைகளுக்கு உடனே புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் அங்கே 'ம' பழத்தின் பெயருக்குச் சுருக்கமாகிவிடுகிறது, எண்ணாக இல்லை. அப்புறம் ம × வ வரும்போது மாம்பழத்தை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் 'ம என்றால் என்ன?' என்று கேட்டால் 'மாம்பழம்' என்றுதான் பதில் வருகிறது. மூன்று வருடப் பழக்கத்தைக் கழற்ற எனக்கு ஒரு மாதம் ஆகிறது.

தயவுசெய்து இப்படிச் சொல்லுங்கள்: ம என்பது ஒரு மாம்பழத்தின் விலை, வ என்பது ஒரு வாழைப்பழத்தின் விலை. அப்போது 3ம + 2வ மொத்த விலை. பிள்ளை 20, 5 என்று போட்டு 70 ரூபாய் என்று கண்டுபிடிக்கும். கரும்பலகையில் முதல் வரியிலேயே 'ம = மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழுதாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

பத்தாம் இட இலக்கம் ப, ஒன்றாம் இட இலக்கம் ம. எண் 'பம' தானே?

அது பெருக்கல். எண் 10ப + ம.

'மூன்று மடங்கு அதிகம்' – 3ப-வா, 4ப-வா?

கேள்வி எழுதியவர் மனதில் பெரும்பாலும் 3ப. ஆனால் 'அதிகம்' என்பதைக் கூட்டலாக எடுத்து 4ப எழுதிய பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. வினாத்தாள் தயாரிப்பவர்களே, 'மூன்று மடங்கு' என்பதோடு நிறுத்துங்கள்.

ஏன் எப்போதும் எக்ஸ்? தமிழ் எழுத்தைப் போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். தெரியாததற்கு ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துகளை எடுக்கும் வழக்கம் 1637இல் பிரான்சின் கணித அறிஞர் தெக்கார்த் எழுதியதிலிருந்து பரவியது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் கணித அறிஞர் பாஸ்கரர் முதல் மாறிக்கு 'யாவத்தாவத்' (எவ்வளவோ அவ்வளவு), அடுத்தடுத்த மாறிகளுக்குக் கருப்பு, நீலம் என்று நிறப்பெயர்களை வைத்திருந்தார். ஒன்றே ஒன்று: க, உ, ங, ச, எ, அ போடாதீர்கள். அவை பழைய தமிழ் எண்களின் வடிவங்கள். க என்றால் 1, உ என்றால் 2.