வீட்ல கதீட்டரோட இருக்கிறவங்களுக்கு குழாய் இழுபடாம, பை கழண்டு போகாம எப்படிப் பார்த்துக்கிறது?

உங்க கேள்வி எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான்: மாமனாருக்கு ஸ்ட்ரோக், படுக்கைல இருக்கார், யூரின் போக கதீட்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பத்து நாளைக்குள்ள ரெண்டு தடவை பை கழண்டு மெத்தையெல்லாம் நனைஞ்சுடுச்சு, ஒரு தடவை குழாய் இழுபட்டு லேசா ரத்தம் வந்துச்சு, ராத்திரில கையைக் கட்டி வச்சுடலாமான்னு கேட்டிருக்கீங்க.

கட்டாதீங்க, ப்ளீஸ். கட்டினா இன்னும் திமிறுவாங்க, மணிக்கட்டுத் தோல் உரிஞ்சு புண்ணாகும், எல்லாத்துக்கும் மேல வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பெரிய மனுஷனுக்கு அது எவ்ளோ அவமானம். நான் சென்னைல 14 வருஷமா நர்ஸா இருக்கேன், பாதி வருஷம் வார்டு, பாதி வருஷம் வீடு வீடாப் போய் பாக்கிறது. நான் பார்த்த வரைக்கும் பேஷன்ட் தானா இழுத்ததை விட பக்கத்துல இருக்கிற நாம இழுத்துவிட்டதுதான் அதிகம். பெட்ஷீட் மாத்தும்போது, திருப்பிப் படுக்க வைக்கும்போது, சேர்ல உக்கார வைக்கும்போது. பை கட்டிலுக்கு இந்தப் பக்கம் தொங்கிட்டிருக்கும், நாம ஆளை அந்தப் பக்கம் உருட்டுவோம், அவ்ளோதான்.

எங்க அப்பாவுக்கே இது நடந்திருக்கு. ப்ராஸ்டேட் வீங்கி யூரின் அடைச்சுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரில சேர்த்திருந்தோம், பேர் வேணாம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு கட்டில்லேர்ந்து ஸ்ட்ரெச்சருக்கு மாத்தணும், ரெண்டு வார்டு பாய்ங்க ஷீட்டோட பிடிச்சு ஒன் டூ த்ரீன்னு தூக்கினாங்க, யூரோ பேக், அதாவது யூரின் சேர்ற பை, கட்டிலோட அந்தப் பக்க கம்பிலயே மாட்டியிருந்துச்சு. அப்பா "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டார். நான் கைல ஃபைலை வச்சுக்கிட்டு ரெண்டடி தள்ளி நின்னுட்டிருந்தேன். குழாய் முழுசா வெளிய வரலை, ஆனா வெள்ளையா இருந்த ட்யூப்ல செக்கச்செவேல்னு ரத்தம் இறங்குச்சு. அப்புறம் யூராலஜி டாக்டர் வந்து பழசை எடுத்து, கட்டி கட்டியா இருந்ததை வாஷ் குடுத்து, புதுசு போட்டார். அன்னிக்கு வீட்டுக்குப் போகலை, அதுக்கு மேல ரெண்டு வாரம் கதீட்டரோடதான் இருந்தார். தொடைல ஒரே ஒரு துண்டு பிளாஸ்டர் சரியா இருந்திருந்தா அந்த இழுப்பு அங்கயே நின்னிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் மனசு ஆறலை. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையாப் படிங்க.

உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏன் இவ்ளோ பயப்படுறேன்னு புரியும். இந்த ஃபோலி கதீட்டர் வெளிய வராம இருக்கிறதுக்குக் காரணம் அதோட நுனிக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி பலூன். உள்ள போனதும் அதுல பொதுவா 10 மில்லி தண்ணி ஏத்துவாங்க, ஏத்தினா கிட்டத்தட்ட ஒரு நெல்லிக்காய் சைஸ் வந்துடும். குழாயோட சைஸ் 16ன்னு கவர்ல போட்டிருந்தா அதோட குறுக்களவு 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது நம்பரை மூணால வகுத்தா மில்லிமீட்டர். அந்தக் குழாய் போற பாதைல நெல்லிக்காயை வேகமா இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பாதை கிழியும், ரத்தம் வரும், ஆறும்போது தழும்பாகி பின்னாடி யூரின் போறதுக்கே அடைப்பு வரலாம். ஒரே இழுப்புதான்னு இல்ல, ஒரு லிட்டர் ரொம்பின பை ஒரு கிலோ வெயிட், அது நாள் பூரா தொங்கி லேசா இழுத்துக்கிட்டே இருந்தாலும் ஆம்பளைங்களுக்கு நுனி கொஞ்சம் கொஞ்சமா கிழிஞ்சு போறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். படுக்கைல இருக்கிறவருக்கு அங்க உணர்ச்சி கம்மின்னா வலி கூட சொல்ல மாட்டார், வீட்ல யாருக்கும் தெரியாது.

சரி, ஒட்டறது எப்படின்னு சொல்றேன். ஆம்பளைங்களுக்கு தொடைக்கு மேல் பக்கம், இல்லாட்டி அடிவயித்துல ஒரு ஓரமா. ரொம்ப நாள் படுக்கைலயே இருக்கிறவங்களுக்கு அடிவயிறு நல்லது, குழாய் மடங்கி ஒரே இடத்துல அழுத்தாது. பொம்பளைங்களுக்கு தொடையோட உள்பக்கம். ஒட்டப்போற இடத்தை சோப்புத் தண்ணில துடைச்சு நல்லாக் காய விடுங்க, எண்ணெய் பவுடர் எதுவும் வேணாம், முடி இருந்தா கத்தரியால ட்ரிம் பண்ணுங்க, ரேசர் போடாதீங்க.

முதல்ல மைக்ரோபோர்ங்கிற மெல்லிசு பேப்பர் பிளாஸ்டர் அகலமா ஒரு துண்டு தோல்ல ஒட்டிக்கோங்க, அது ஒரு பாய் மாதிரி, தோல் தப்பிக்கும். அப்புறம் டைனாபிளாஸ்ட்ங்கிற இழுத்தா நீளற துணி பிளாஸ்டர் ஒரு விரல் நீளத்துக்கு மேல வெட்டி, அதோட நடுப்பகுதியை குழாயைச் சுத்தி முழுசா ஒரு சுத்து சுத்தி ஒட்டி, ரெண்டு றெக்கையையும் அந்த மைக்ரோபோர் மேல ஒட்டணும். குழாய் மேல சும்மா பட்டையா அழுத்தி ஒட்டினா வியர்வைல வழுக்கி வெளிய வந்துடும், இப்படி சுத்தி ஒட்டினா வழுக்காது, குழாயும் தோல்ல அழுந்தாம கொஞ்சம் தூக்கலா நிக்கும். எங்க சுத்தணும்னா குழாய் ரெண்டா பிரியற கவைக்குக் கொஞ்சம் முன்னாடி. கலர் மூடி இருக்கிற கிளைதான் பலூனுக்குத் தண்ணி ஏத்தற இடம், அதை மூடாதீங்க, அவசரத்துல டாக்டருக்கு அது வேணும். நூலால இறுக்கிக் கட்டறது, சேஃப்டி பின் குத்தறது ரெண்டும் வேணவே வேணாம், குழாய் நசுங்கினா யூரின் நின்னுடும், பின் குழாய்ல பட்டா ஓட்டை.

ஒட்டின இடத்துக்கும் உடம்புக்கும் நடுவுல குழாய் கொஞ்சம் தொளதொளன்னு வளைஞ்சு இருக்கணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ஒட்டி முடிச்சதும் அவர் காலை மெதுவா நீட்டி, மடக்கி, வெளிப்பக்கமா விரிச்சுப் பாருங்க, எந்த நிலைலயும் குழாய் விறைப்பா நிக்கக் கூடாது. நின்னா பிரிச்சு மறுபடி ஒட்டுங்க, சோம்பல் படாதீங்க.

நம்ம ஊர் வெயில்ல, அதுவும் கத்திரில கரண்ட் வேற போச்சுன்னா எந்தப் பிளாஸ்டரும் ஒரு நாளைக்கு மேல நிக்காது. அப்போ வெல்க்ரோ வச்ச தொடை ஸ்ட்ராப் கேட்டு வாங்கிக்கலாம், பக்கத்து மெடிக்கல்ல இல்லன்னா பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவுல சர்ஜிக்கல் கடைங்க இருக்கு. ஸ்ட்ராப்புக்கு அடில ரெண்டு விரல் தாராளமா நுழையணும். கால்ல வீக்கமோ ரத்தக்கட்டு பிரச்சனையோ இருந்தா ஸ்ட்ராப் போடாதீங்க, பிளாஸ்டர்தான். இன்னிக்கு வலது தொடைன்னா நாளைக்கு இடது. பழசை எடுக்கும்போது சர்ருனு உரிக்காதீங்க, வயசானவங்க தோல் வெங்காயச் சருகு மாதிரி, அதோடயே வந்துடும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலை ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு முடி போற திசைல படுக்கை வாட்டமா எடுங்க. எண்ணெயைத் துடைச்சு காய வச்சுட்டுத்தான் புதுசு ஒட்டணும்.

பை விஷயம். எப்பவும் இடுப்புக்குக் கீழ இருக்கணும், ஆனா தரைல கிடக்கக் கூடாது. முக்கால் ரொம்பறதுக்கு முன்னாடியே கீழ இருக்கிற வால்வைத் திறந்து காலி பண்ணுங்க, மேல ஜாயின்ட்டைக் கழட்டி ஊத்தாதீங்க, இன்ஃபெக்ஷன் உள்ள போற வாசலே அதுதான். உங்க வீட்ல ரெண்டு தடவை கழண்டதுன்னு சொன்னீங்களே, அநேகமா பை ரொம்பி வெயிட்ல இழுத்திருக்கும், இல்லன்னா மாமா புரளும்போது ட்யூப் கட்டில் கம்பில சிக்கியிருக்கும். இனிமே எந்தப் பக்கம் திருப்பப் போறீங்களோ அந்தப் பக்கத்துக்கு முதல்ல பையை மாத்துங்க, அப்புறம் ஆளைத் தொடுங்க. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கறீங்கன்னா ஒருத்தர் வாய் விட்டு "பை என் கைல"ன்னு சொல்லணும், அதைக் கேக்காம மத்தவர் தூக்கக் கூடாது. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீடுகள்ல மூணாவது மாடிலேர்ந்து சேரோட இறக்குவாங்க பாருங்க, அங்க கிளம்பறதுக்கு முன்னாடி பையைக் காலி பண்ணிட்டு சேரோட கீழ்ப்பக்கம் ட்யூப் தளர்வா இருக்கிற மாதிரி மாட்டுங்க. வயித்து மேல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க, அது தப்பு, பைல இருக்கிறது திரும்ப உள்ள போக வாய்ப்பிருக்கு.

ராத்திரி அவரே இழுக்கிறார்னா ஒரு காரணம் இருக்கும். குழாய் மடங்கி யூரின் தேங்கியிருக்கா, ரெண்டு மூணு நாளா மோஷன் போகலையா, அடிவயிறு இழுத்துப் பிடிக்குதா, குழாயைச் சுத்தி யூரின் ஒழுகுதா, இதெல்லாம் பாருங்க. குழாய் கண்ணுல படாத மாதிரி லூசான பைஜாமா போட்டு உள்ளயே விடுங்க, கைல பிடிச்சுக்க ஒரு டவலோ ஜெபமாலையோ எதையாவது குடுங்க, என் பேஷன்ட் ஒரு தாத்தா மடிச்ச கர்ச்சீஃபைப் பிடிச்சுக்கிட்டா ராத்திரி பூரா குழாய் பக்கமே போக மாட்டார்.

பை மட்டும் கழண்டா, கீழ விழுந்த முனையைத் துடைச்சு அப்படியே சொருகாதீங்க. கையைக் கழுவிட்டு, குழாயை விரலால மடக்கிப் பிடிச்சு, முனையை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, புது பை மாட்டி, டாக்டருக்கோ நர்ஸுக்கோ சொல்லுங்க, கதீட்டரையே மாத்தணுமான்னு அவங்க சொல்வாங்க. ஒரு புது பை எப்பவும் வீட்ல ஸ்பேர் இருக்கட்டும். குழாயே வெளிய வந்துட்டா திரும்ப உள்ள தள்ளவே தள்ளாதீங்க, சுத்தமான துணியால லேசா அழுத்திப் பிடிச்சு, வந்த குழாயை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, பலூன் முழுசா வந்திருக்கான்னு அவங்க பாக்கணும். ரத்தம் நிக்காம வந்தாலோ, யூரின் நின்னு அடிவயிறு கல்லு மாதிரி ஆனாலோ 108 கூப்பிடுங்க.

மூக்குல ரைல்ஸ் ட்யூப்பும் (மூக்கு வழியா வயித்துக்கு சாப்பாடு குடுக்கிற குழாய்) இருந்தா, மூக்கு ஓரத்துல குழாய் மேல பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க, கோடு நகர்ந்திருந்தா சாப்பாடு குடுக்காம நர்ஸைக் கூப்பிடணும். நெஞ்சுல டயாலிசிஸ் குழாய் இருக்கிறவங்களுக்கு மூடி கழண்டா அது வேற லெவல் ஆபத்து, காத்து ரத்தத்துல போயிடும், உடனே உடம்புப் பக்கம் இருக்கிற கிளாம்பை மூடிட்டு 108தான்.

வீட்டுக்கு வந்து பாக்க ஆள் இல்லன்னா உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுக்கைல இருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பாக்கிற நர்ஸ் இருக்காங்க.

கடைசியா ஒன்னு, அடுத்த செக்கப்ல "டாக்டர், இது இன்னும் வேணுமா"ன்னு நேராக் கேளுங்க. குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் இன்ஃபெக்ஷன் ரிஸ்க் ஏறிக்கிட்டே போகும், ஆனா வீட்ல நாம அதுக்குப் பழகிடறோம், டாக்டரும் நாம கேட்டாத்தான் யோசிப்பார். எங்க அப்பாவுக்கு மாத்திரை குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பார்த்தாங்க. அன்னிக்கு மதியம் பாத்ரூம் கதவுக்கு வெளியவே நின்னுட்டிருந்தேன், உள்ளேர்ந்து "போயிடுச்சும்மா"ன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்தினார்.