610 கிலோ கார், 45 விநாடி ஓட்டம்: கேள்வி பதில்

மிச்சிகனில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ‘செவன்’ வகைக் கார் (கதவும் கூரையும் இல்லாத லேசான கார்) ஒன்று வைத்திருக்கிறேன். சட்டகம், நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாக மரப்பெட்டியில் வந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல் எல்லாம் 1996 மாஸ்டா மியாட்டா ஒன்றிலிருந்து என் கையால் கழற்றிப் போட்டவை. கோடையில் மாதம் இரண்டு ஆட்டோகிராஸ், அதாவது கோன் வைத்த பாதையில் கடிகாரத்தோடு போட்டி. சஸ்பென்ஷன், டயர், பிரேக் பற்றிக் கேளுங்கள். பெயின்ட், ஆடியோ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சிங்கப்பூர் வாசகர்: கம்பெனியில் முழுக் காராக வாங்காமல் எதற்கு இந்தக் கிட் தொல்லை?

இந்தக் கிட் வழக்கம் பிறந்ததற்கு வரிதான் காரணம். 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிபாகமாக வாங்கினால் கிடையாது. ஒருவர் வீட்டுக் கொட்டகையில் வார இறுதிகளில் பூட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் அதில் பாகங்களும் இருந்தன. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது கிட் ஆகாது என்று விதி இருந்ததால், ‘கழற்றும் முறை’ என்று எழுதிக் கொடுத்து, பின்னாலிருந்து படித்துக்கொள் என்றார்களாம். இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை இது. 1973இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. லோட்டஸ் கைகழுவியது. விற்பனையாளராக இருந்த கேட்டர்ஹாம் நிறுவனம் உரிமையை வாங்கி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிர்கின், இங்கிலாந்தின் வெஸ்ட்ஃபீல்ட், வீட்டில் குழாய் வெட்டி வெல்டிங் செய்யும் லோகாஸ்ட் எல்லாம் அதே அச்சின் பிள்ளைகள்.

நியூ ஜெர்சி வாசகர்: எத்தனை குதிரைத்திறன்?

133. கம்பெனி கொடுத்தபடியே. கார் 610 கிலோ, மாருதி ஆல்டோவைவிட லேசு. டன்னுக்குக் கணக்கிட்டால் 218 வருகிறது. இந்தக் கேள்வி இன்னும் பத்துத் தடவை வரும், பாருங்கள்.

சென்னை வாசகர்: ஆட்டோகிராஸ் என்றால் மண்ணில் ஓட்டுவதுதானே?

இந்தியாவிலும் பிரிட்டனிலும் அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் பொருள். அமெரிக்காவில் அப்படியல்ல. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமானத் தளத்திலோ ஆரஞ்சுக் கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார், எதிராளி கடிகாரம் மட்டுமே. ஓட்டம் 40 முதல் 60 விநாடி. நாள் முழுக்க வெயிலில் நின்றால் நான்கிலிருந்து ஆறு ஓட்டம் கிடைக்கும், மிச்ச நேரம் விழுந்த கோனை எடுத்து நிறுத்துவீர்கள். கோனைத் தட்டி விழவைத்தாலோ, சுற்றி வரைந்த கட்டத்தைவிட்டு முழுதாக நகர்த்தினாலோ 2 விநாடி அபராதம். இரு கோன்களுக்கு நடுவிலான வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. நூறில் ஒரு பங்கு விநாடியில் கோப்பை கைமாறும் இடத்தில் 2 விநாடி என்பது என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏயின் தேசியப் போட்டி செப்டம்பரில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நடக்கும்.

டொராண்டோ வாசகர்: இடது பக்கம் திரும்பும்போது பின்பக்கம் வீசுகிறது, வலது பக்கம் திரும்பினால் மூக்கு வெளியே தள்ளுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அலைன்மென்ட்தான். ஓட்டுபவன் கோளாறா?

இல்லை. இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. உங்கள் கார் நொண்டி மேசை. நான்கு காலில் ஒன்று சற்று நீளமாக இருந்தால், அந்தக் காலும் அதன் மூலைவிட்டக் காலும் மட்டும் பாரத்தைச் சுமக்கும்.

நான்கு சக்கரத்துக்கும் கீழே தனித்தனித் தராசு வைத்துப் பாருங்கள், கிளப்பில் இரவல் கிடைக்கும். ஓட்டுநர் எடையும் காரில் இருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஸ்பானர் பிடிப்பது யார்? அதற்குத்தான் தமிழ்க் குடும்பங்களிடம் வழி இருக்கிறதே. 20 பவுண்டு சோனா மசூரி பை ஒன்பது அடுக்கினால் கிட்டத்தட்ட நான். ஏழு சீட்டில், இரண்டு கால் வைக்கும் இடத்தில். (ஒருமுறை நடுவில் ஒரு பை சமையலறைக்குப் போய்விட்டது. கணக்கு ஏன் இடிக்கிறது என்று அரைமணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.)

என் கார் முதல் தடவை காட்டியது: முன் இடது 190, முன் வலது 145, பின் இடது 165, பின் வலது 190 கிலோ. அரிசிப் பைகளோடு மொத்தம் 690. முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 380, அதாவது 55 சதவீதம், பாதிதான் இருக்க வேண்டும். உங்கள் காரும் இதே நோய்தான், அறிகுறி அப்படியே பொருந்துகிறது. முதலில் ஆன்டி ரோல் பாரின் (இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றுங்கள், டயர் காற்றைச் சரிசெய்யுங்கள், தரை மட்டமா என்று பாருங்கள். பிறகு பாரம் கூடிய இரு மூலைகளில் ஸ்ப்ரிங் தட்டைக் கால் சுற்று இறக்கி, மற்ற இரண்டில் கால் சுற்று ஏற்ற வேண்டும். காரைக் குலுக்கிவிட்டு மறுபடி எடை. எனக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று. கடைசியில் 172, 163, 183, 172. இடப்பக்கத்து மொத்தம் 355, முன்பக்கத்து மொத்தம் 335, இரண்டும் மாறவில்லை பாருங்கள். ஸ்ப்ரிங்கைத் திருகி அவற்றை மாற்ற முடியாது, பேட்டரியையோ உங்களையோ நகர்த்தினால்தான் உண்டு. மூலைவிட்டம் மட்டும்தான் நம் கையில்.

திருகியபின் ஒவ்வொரு நட்டிலும் நெயில் பாலிஷ் கோடு போடுங்கள். நட்டிலிருந்து உலோகத்துக்கு நீளும் ஒரே கோடு. நட்டு நகர்ந்தால் கோடு உடையும். நகர்ந்ததா என்று பார்க்க டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

ஹூஸ்டன் வாசகர்: மைலேஜ்?

டேங்கைவிட டயர் சீக்கிரம் காலியாகும்.

கோவை மாணவர்: நானே ஒன்று செய்து ஆர்டிஓவில் பதிய முடியுமா அண்ணா?

முடியாது தம்பி. இந்தியாவில் வண்டியின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கான வழி அது. பழைய வண்டியை அறுத்து மாற்றலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொல்லிவிட்டது. யாராவது ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்டால் ஓடிவிடு.

ஆனால் உன் ஊரிலேயே இதைவிட நல்லது இருக்கிறது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. மாணவர்கள் கட்டிய காரை மாணவர்களே ஓட்டுவது. அதில் ஆட்டோகிராஸ் தனிப் பிரிவாகவே உண்டு. உன் கல்லூரியில் அணி இருந்தால் சேர், முதல் வருடம் துடைக்கிற வேலை கொடுத்தாலும் சரி. துடைக்கிறவன் கண்ணில்தான் விரிசல் முதலில் படும்.

அட்லாண்டா வாசகர்: டர்போ போட்டால்?

முதலில் ஒரு கோடை முழுக்க இருக்கிற பவரையே முழுதாகப் பயன்படுத்திக் காட்டுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்: அகல டயர் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்ததல்ல என்று முப்பது வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் சொன்னது பொய்யா?

ஐயா, மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நீங்கள் சொன்னது ஏறக்குறைய சரி. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படாது. தார்ச்சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கிப் புகுந்து பிடிக்கிறது, மூலக்கூறு அளவில் ஒட்டவும் செய்கிறது. அழுத்தம் கூடக் கூட, பிடி அதே விகிதத்தில் கூடுவதில்லை.

அதே ஆசிரியர்: இருக்கட்டும். தொடுபரப்பு என்பது பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தது. பாரமும் காற்றும் மாறாதபோது அகல டயரில் பரப்பு எப்படிக் கூடும்?

மாட்டிவிட்டீர்கள். பெரிதாகக் கூடாது. வடிவம்தான் மாறும். ஒடுங்கிய டயரில் தடம் நீளவாட்டில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாட்டில். குறுக்குத் தடம் ஸ்டியரிங்குக்குச் சட்டென்று பதில் சொல்லும், வெப்பத்தையும் பரப்பிக்கொள்ளும். அதோடு அகல டயரில் காற்றை இன்னும் இறக்கலாம். நான் 18 பிஎஸ்ஐயில் ஓட்டுகிறேன், அம்மாவின் கேம்ரியில் அப்படிச் செய்தால் டயர் மடிந்துவிடும். எவ்வளவு இறக்கலாம் என்பதற்குச் சாக்பீஸ் போதும். டயரின் தோளில் (தரை தொடும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பில்) குறுக்கே கோடு கிழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதாது. தோள் முனைக்கு முன்பே அழியாமல் நின்றுவிட்டால் காற்று அதிகம்.

டாலஸ் வாசகர்: ஆசிரியர் சொல்வதே சரி. பாட விதி விதிதான். டயர் கம்பெனிகள் ஏமாற்றுகின்றன.

அப்படியானால் ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. பின் அச்சில் சக்கரத்துக்கு 150 கிலோ பாரம், பிடிப்புக் கெழு (பாரத்தைப்போல எத்தனை மடங்கு பிடி) 1.2. இரண்டுக்கும் சேர்த்து 360 கிலோ அளவுக்குப் பிடி. திரும்பும்போது பாரம் வெளிச் சக்கரத்துக்குச் சாய்ந்து 250, 50 ஆகிறது. கெழு மாறாது என்றால் மொத்தம் அதே 360தான். ஆனால் பாரம் ஏறிய ரப்பரில் கெழு 1.1 ஆக இறங்கி, லேசான சக்கரத்தில் 1.3 ஆக ஏறினால், 275 கூட்டல் 65, ஆக 340. அந்த 20ஐத்தான் நாங்கள் சஸ்பென்ஷன் முழுக்கத் துரத்துகிறோம். பின் ஆன்டி ரோல் பாரை இறுக்கினால் வால் வீசுவதை உலகத்தில் எந்த ஓட்டுநரும் சொல்வான். பாட விதி ரப்பருக்கும் பொருந்துமானால், அந்தக் கம்பியை இறுக்கினாலும் கழற்றினாலும் பிடி மாறவே கூடாது. லேசான கார் வளைவில் ஜெயிப்பதற்கும் இதுதான் காரணம்.

பாஸ்டன் வாசகர்: காரின் குதிரைத்திறன் எவ்வளவு?

மேலே.

லண்டன் வாசகர்: நாலு முனை பெல்ட் வாங்கிவிட்டேன். ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) பிறகு போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. பெல்ட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். செவனில் உங்கள் தலைதான் காரின் உச்சி. சாதாரண பெல்ட்டில் கவிழ்ந்தால் உடம்பு சாயவாவது இடம் உண்டு. நாலு முனை பெல்ட் உங்களை நிமிர்த்திப் பிடித்து வைக்கும், அப்போது உங்கள் கழுத்துதான் ரோல் பார். ரோல் பார் போட்டபிறகும், தோள் பட்டை பின்னால் ஏறக்குறைய மட்டமாகப் போக வேண்டும். தரையில் கட்டினால் மோதலில் முதுகெலும்பைக் கீழே அமுக்கும். ஆட்டோகிராஸில் கவிழ்வது அரிது என்பீர்கள். வீட்டிலிருந்து மைதானத்துக்கு லாரிகளுக்கு நடுவில்தானே ஓட்டிப் போகிறீர்கள்?

அதே லண்டன் வாசகர்: கணவன் மனைவி கோவிலுக்குப் போகலாமா?

கதவு கிடையாது, ஏறிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். சைடு சைலன்சர் கெண்டைக்காலுக்கு எதிரே கொதித்துக்கொண்டிருக்கும், என் காலில் அரையடித் தழும்பு இருக்கிறது. பட்டுப்புடவையை நீங்களே யோசியுங்கள்.

சிகாகோ வாசகர்: நெயில் பாலிஷ் எல்லாம் மிகையில்லையா?

நான்காம் வருடம் மூன்றாவது ஓட்டத்தில் ஸ்லாலம் (கோன்களை இடம் வலமாக வளைந்து கடக்கும் பகுதி) நடுவே ஸ்டியரிங்கில் ஒரு விரல் அளவு ஆட்டம் வந்தது. டயர் என்று நினைத்தேன். நிறுத்திப் பார்த்தால், ஸ்டியரிங் தண்டின் கவ்வி போல்ட் கையால் சுழல்கிறது. பூட்டியது நான்தான், யாரையும் குறை சொல்ல வழியில்லை. அன்று மாலையே மனைவியின் சிவப்புப் புட்டியை எடுத்தேன். இந்தக் கார் லேசு, ஆனால் ஸ்ப்ரிங் கடினம், அதிர்வை விழுங்க ரப்பர் புஷ் அதிகம் இல்லை. அதிர்வெல்லாம் நட்டுக்குத்தான் போகும்.

தஞ்சாவூர் ஆசிரியர், மூன்றாம் முறை: கணக்கை ஏற்கிறேன். ஆனால் கெழு வெப்பத்தையும் பொறுத்ததுதானே. லேசான கார், 45 விநாடி ஓட்டம், அகல டயர். அது சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடாதா?

ஐயா, இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். 225 மில்லிமீட்டர் அகல டயருக்கு மாறியபோது ஏப்ரல் மாதத்து மிச்சிகன் காலையில் பழைய 205தான் வேகமாக இருந்தது. ஓட்டம் முடிந்து 225இல் கை வைத்தால் பாதாளக் கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. ஜூலையில், அதுவும் நண்பர் ஒருவர் என் காரிலேயே மாறி மாறி ஓட்டினால், கதை தலைகீழ். டயர் ஆறவே நேரமில்லாமல் 225 முந்திக்கொள்ளும், சில சமயம் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டியிருக்கும். இப்போது கொட்டகையில் இரண்டு செட்டும் இருக்கிறது. வெப்பமானியோடு அளந்த எண்கள் என் நோட்டில் உள்ளன. வேண்டுமானால் படமெடுத்து அனுப்புகிறேன், பேரப்பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் போடலாம்.

ஒஹாயோ வாசகர்: நாளைக் காலை ஓட்டம். பிரேக் பெடல் முதல் மிதியில் மெத்தென்று போகிறது, இரண்டாவது மிதியில் கெட்டியாகிறது. சமாளிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அது குழாயில் காற்று. இந்தக் காரில் பிரேக் பூஸ்டர் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பெடல் சொல்வதுதான் உண்மை. இப்போதே புதிய டாட் 4 பிரேக் திரவப் புட்டியைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தும் திரவ உருளை) தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்திலுள்ள காற்றுத் திருகைத் திறந்து மூட. பிறகு பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கெட்டியாக நின்றால் சரி, எங்காவது கசிவு உண்டா என்று ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது, கடை திறக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் காரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். பாதையை நான்கு தடவை நடந்து பாருங்கள், கோன் எடுக்க ஆள் எப்போதும் தேவை. யாராவது பக்கத்து சீட்டைக் கொடுப்பார்கள்.