"பிள்ளையை அனுப்பு, பணம் தருகிறேன்" என்கிறார் கணவர்

கேள்வி: என் ஊர் செங்கோட்டை. கணவர் புனலூர்க்காரர், தனியார் நிறுவன வேலை, கொஞ்சம் ரப்பர் தோட்டமும் உண்டு. ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கிறோம், விவாகரத்து ஆகவில்லை. ஏழு வயது மகள் என்னோடு இருந்து இங்கேயே படிக்கிறாள். நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தப்படி மாதம் 8,000 ரூபாய் தந்தவர் ஐந்து மாதமாக நிறுத்திவிட்டார். கேட்டால் "பிள்ளையை அனுப்பு, தருகிறேன்" என்கிறார். ஓணத்துக்குக் கூட்டிப்போனவர் ஒரு வாரம் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டார். இப்போது மகளைக் கேட்டு, கேரளக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து மலையாளத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நோட்டீஸை வாங்குங்கள். திருப்பி அனுப்பினாலோ, குறித்த தேதியில் யாரும் ஆஜராகாவிட்டாலோ ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அதை ரத்து செய்யத் தனி மனு போட்டு அலைய வேண்டிவரும். மலையாளம் படிக்கத் தெரியாது என்பது வாங்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் (1890), அதாவது குழந்தைகளின் பாதுகாவலர் பற்றிய சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம். மகள் வசிப்பது செங்கோட்டையில், வழக்கு கேரளத்தில். இந்த ஆட்சேபத்தை முதல் எதிருரையிலேயே எழுதிவிடுங்கள். ஆதாரமாகப் பள்ளியின் போனஃபைட் சான்று, கட்டண ரசீதுகள், மருத்துவச் சீட்டுகளை இணையுங்கள். உங்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் டிசி கொடுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு எழுதி, கையெழுத்திட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொண்டு பள்ளியில் சேர்த்துவிட்டால், "வழக்கமான வசிப்பிடம்" எது என்பதே தகராறாகிவிடும். வழக்கை இங்கே மாற்ற விரும்பினால், இரண்டு மாநில விவகாரம் என்பதால் உச்ச நீதிமன்றத்தில்தான் மனு.

அவர் பணத்தை நிறுத்தியதற்குப் பதிலடியாக நீங்கள் பிள்ளையைக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். அவர் மனுவின் முதல் பத்தியே அதுவாகத்தான் இருக்கும். ஜீவனாம்சம் வேறு, பார்க்கும் உரிமை வேறு. ஒன்றைத் தடுத்ததால் மற்றதைத் தடுக்கும் உரிமை இருவருக்குமே கிடையாது.

நோட்டரி ஒப்பந்தம் சாட்சியமாக உதவும், ஆனால் நீதிமன்ற உத்தரவுபோல அமல்படுத்த முடியாது. அதனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 125) உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து ஜீவனாம்ச மனு போடுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், புனலூருக்குப் போக வேண்டியதில்லை. கூடவே இடைக்கால மனுவும் வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அதைக் கூடியவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி (2020) ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். இருவருமே சொத்து, வருமான அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். உங்கள் அஃபிடவிட்டில் வருமானம் எதையும் மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அதுதான் முதலில் மாட்டும். அவர் ரப்பர் வருமானத்தை மறைத்தால், வில்லேஜ் ஆபீசில் கரம் (நில வரி) கட்டிய ரசீதின் நகலையும் வங்கிக் கணக்கையும் வரவழைக்க மனு போடலாம்.

உத்தரவு வந்தபின் பாக்கி விழுந்தால், அந்தத் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். "எப்படியும் தருவார்" என்று காத்திருந்து பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு; உள்ளே போய்வந்தாலும் பாக்கி தீராது. உத்தரவை அவர் இருக்கும் இடத்து நடுவர் (மாஜிஸ்திரேட்) மூலமும் அமல்படுத்தலாம். வக்கீல் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே வட்டச் சட்டப்பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

சமரசம் பேசினால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடியுங்கள், அதன் தீர்ப்பு சிவில் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம். "அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுத விடாதீர்கள். இரண்டாவது, நான்காவது சனி, காலை 10 முதல் மாலை 5 வரை, ஒப்படைப்பு செங்கோட்டை ரயில் நிலையத்தில் என்று நாள், நேரம், இடம் இருக்க வேண்டும். ஓணம் விடுமுறையும் இங்கத்திய காலாண்டு விடுமுறையும் ஒன்றாக வருவதில்லை, அதனால் மகளின் பள்ளி நாட்காட்டிப்படி என்று சேர்த்து எழுதுங்கள். பணம் வங்கிக் கணக்கில் மட்டும், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள்.