85,000 ரூபாய்க்குள் 55 அங்குல ஓஎல்இடியா, 65 அங்குல மினி எல்இடியா, அல்லது சோனியே போதுமா?

சோபாவுக்கும் டிவி சுவருக்கும் நடுவே ஒன்பதடி. ஹாலில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். விடிந்ததிலிருந்து அப்பாவின் செய்திச் சேனல், மாலையில் அம்மாவின் தொடர்கள், இரவு பத்து மணிக்கு மேல்தான் உங்கள் ஓடிடி படங்கள். கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். பதில் சொல்ல இதுவே போதும்: 65 அங்குல மினி எல்இடி வாங்குங்கள். ஓஎல்இடி மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. என் அறையில் இருப்பதே அதுதான். உங்கள் ஹாலுக்குத்தான் அது பொருந்தாது.

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்க விளக்குகள் கிடையாது. அதனால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு படத்தைப் பாருங்கள், திரையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இதற்கு ஈடான எல்இடி டிவியை நான் இன்னும் பார்க்கவில்லை, அதைவிட விலை கூடியவற்றிலும்.

ஆனால் திரை முழுவதும் பிரகாசமாக இருக்க வேண்டிய நேரத்தில் அது தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். மின்சாரமும் சூடும் எல்லை மீறாமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பகல் நேர கிரிக்கெட்டில் மைதானத்தின் பச்சை திரையை நிறைக்கும்போது இது நன்றாகத் தெரியும். அதே நேரத்தில் உங்கள் கிழக்கு ஜன்னலும் திறந்திருந்தால், பந்தோடு சேர்த்து ஜன்னல் கம்பிகளையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பின்னாலிருந்து சின்னச் சின்ன விளக்குகள் பலமாக வெளிச்சம் அடிக்கும் மினி எல்இடி இந்த இடத்தில் எளிதாக ஜெயித்துவிடும்.

இரண்டாவது காரணம் உங்கள் அப்பா. நம் செய்திச் சேனல்களைக் கவனித்திருப்பீர்கள். மூலையில் லோகோ, கீழே ஓடும் எழுத்துகள், அதற்கு மேலே சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங்'. (நேற்றைய செய்திக்கும் அந்தப் பட்டை இருக்கும்.) ஒரே இடத்தில் ஒரே வடிவம் மணிக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து நிரந்தரத் தழும்பு விழும். பர்ன்-இன் என்பது அதுதான். ஆர்டிங்ஸ் என்ற டிவி சோதனைத் தளம் 2018இல் எல்ஜி சி7 டிவிகள் ஆறினை வைத்து, நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. மோசமாகத் தழும்பு விழுந்தவை சிஎன்என் செய்திச் சேனல் ஓடிய டிவிகள். பலவகை நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. அதன் பிறகு வந்த திரைகளும் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் அப்பாவிடம் போய் "மணிக்கு ஒருமுறை சேனலை மாற்றுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். டிவியைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் சூடாகும்.

அடுத்து சோனி. இதில்தான் பலரும் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். அசைவைக் கையாள்வதிலும் தரம் குறைந்த படத்தைத் திருத்திக் காட்டுவதிலும் சோனி கெட்டிக்கார நிறுவனம், மறுக்கவே முடியாது. அது உங்கள் வீட்டுக்கு உதவும் திறமையும்கூட. சாதாரண கேபிள் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், வரும் ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக்கி நிரப்ப வேண்டியிருக்கிறது. அம்மாவின் தொடர் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் டிவி மட்டும் அல்ல. எச்டி இணைப்புக்கு மாறினால் அந்த இருபது நான்காகக் குறையும். எந்த டிவி வாங்கினாலும் முதலில் அதைச் செய்யுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம்.

ஆனால் உங்கள் தொகைக்குள் வரும் சோனி, பிராவியா 3 போன்ற தொடக்க நிலை மாடல்தான். அதில் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கிடையாது. இந்த வசதிக்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். எல்இடி டிவிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இது இல்லாத டிவியில் நிலவு தெரியும் காட்சி வந்தால் வானம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். மினி எல்இடி என்பது இதன் வளர்ந்த வடிவம்: சின்னச் சின்ன விளக்குகளை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துத் தேவையான இடத்தை மட்டும் எரிய விடுவார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியலாம். அது இந்த வகையின் குறை, கூடவே வரும். பகுதிகள் எத்தனை என்று கேளுங்கள். எண்ணிக்கை கூடக்கூட வட்டம் சுருங்கும்.

'கியூஎல்இடி' என்ற பெயரில் மயங்க வேண்டாம். எழுத்தில் ஓஎல்இடிக்கு அக்கம்பக்கத்து வீடு போலத் தெரியும். உள்ளே இருப்பது வண்ணத்தைச் செழுமையாக்கும் குவாண்டம் டாட் படலம் சேர்த்த, பின்விளக்கோடு வரும் சாதாரண எல்சிடி திரை. விலை குறைந்த கியூஎல்இடிகள் பலவற்றிலும் லோக்கல் டிம்மிங் இருக்காது.

மினி எல்இடியில் டிசிஎல், ஹைசென்ஸ் இரண்டையும் பாருங்கள். 2019இல் மினி எல்இடி டிவியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது டிசிஎல்தான். சீன நிறுவனம் என்று உறவினர்கள் முகம் சுளித்தால், உங்கள் ஊரில் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நியாயமான தயக்கம் அது ஒன்றுதான். திரை போனால் அதை மாற்றும் செலவு கிட்டத்தட்ட புது டிவி வாங்கும் செலவு. ஆகவே கூடுதல் உத்தரவாதத்துக்குப் பணம் கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 55க்கும் 65க்கும் பத்து அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பில் அது சுமார் 40 சதவீதம் அதிகம். மூலைவிட்டத்தைப் போல 1.6 மடங்கு தூரத்தில் உட்காருவது ஒரு பழைய கணக்கு. அதன்படி 65 அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி வரும். உங்கள் ஒன்பதடிக்குச் சரியாக இருக்கிறது. 55 என்றால் சோபாவை ஏழரை அடிக்கு நகர்த்த வேண்டும்.

விலை விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விமர்சனங்களில் உள்ள விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்த ஆண்டின் கீழ்நிலை மாடலைவிடப் போன ஆண்டின் மேல்நிலை மாடல் எப்போதும் நல்ல பேரம். மாடல் பெயரிலேயே ஆண்டு இருக்கும்: எல்ஜியில் சி3 என்றால் 2023, சி4 என்றால் 2024, சாம்சங்கில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, 2023க்கு சி, 2024க்கு டி. எல்ஜியின் பி வரிசை ஓஎல்இடி பழைய மாடலாகித் தீபாவளித் தள்ளுபடியில் வங்கி அட்டைச் சலுகையோடு வரும்போது உங்கள் தொகைக்கு அருகில் வந்து ஆசை காட்டும். அதைத் தனி அறைக்கு, இரவில் மட்டும் படம் பார்க்க வாங்குவதாக இருந்தால் இந்தப் பதிலையே மாற்றி எழுதியிருப்பேன்.

கடைக்குப் போனால், அங்கே ஓடும் மீன், பூ, பனிமலை வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு கேபிள் சேனலைப் போடச் சொல்லுங்கள். வரிசையில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதை விற்பதற்காகவே ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். ஃபிலிம்மேக்கர் மோடு அல்லது மூவி மோடுக்கு மாற்றிப் பார்த்தால்தான் உண்மையான முகம் தெரியும். வீட்டிலும் படம் பார்க்க அந்த மோடையே வையுங்கள். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த சினிமாவை மெகா தொடர்போல வழுக்கி ஓடவைக்கும் அசைவுத் திருத்தம் ஃபிலிம்மேக்கர் மோடில் அணைந்திருக்கும், மூவி மோடு என்றால் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு சில்லறை விஷயங்கள். காட்சிக்குக் காட்சி ஒளியையும் நிறத்தையும் சரிசெய்ய டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. சாம்சங் டிவி எதிலும் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ்தான். நீங்கள் அதிகம் பார்க்கும் தளம் எதைத் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம் எடுக்க வேண்டும், கீழுள்ள திட்டங்களில் அது வராது.

85,000 முழுவதையும் திரைக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தாயிரத்தை ஒரு நல்ல சவுண்ட்பாருக்கு ஒதுக்கி, அதை டிவியில் இஏஆர்சி (eARC) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் இணையுங்கள், டிவியின் ஒலி வெளியே போவது அது வழியாகத்தான். ஒல்லியான டிவிகளின் ஒலி பெரும்பாலும் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ போகிறது. வசனம் புரியவில்லை என்று அம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார், உள்ளறையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டே இருப்பார்கள்.